காணாமல் போனவர்களும் செய்தியில் வராதவர்களும்: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

ஸ்காபரோவாசி:

2018 மார்ச்சில் ரொறன்ரோ பொலிஸ் இறந்துபோன ஒருவரின் முகத்தைப் படமாக வெளியிட்டு, இவரை யாருக்காவது தெரியுமா என்று கேட்டது. ரொறன்ரோவின் தன்பாலின ஈர்ப்பாளர் வட்டாரத்தில் ஆண்களைக் கொன்ற புரூஸ் மக்ஆர்தரின் வழக்கு அது. நான் அப்போது ஒரு கிடங்கில் இரவு வேலை செய்தேன். சாப்பாட்டு இடைவேளையில் மேற்பார்வையாளர் வந்து தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். தாடி வைத்த முகம். "இது உங்கட ஆளா?" அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆனால் மேசையில் இருந்த அத்தனை பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவரைத் தெரியாது. தெரியாது என்று சொன்னேன்.

அடுத்த மாதம் யாரென்று தெரிந்தது. 2010-ல் சன் சீ கப்பலில் கனடாவுக்கு வந்த 492 தமிழரில் ஒருவர். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் எங்கேயோ ஒளிந்திருக்கிறார் என்றுதான் குடும்பத்தினர் நினைத்திருக்கிறார்கள். காணவில்லை என்று முறைப்பாடே இல்லை. அந்தக் கப்பல் கரைக்கு வந்தபோது எந்தப் பேப்பரைத் திறந்தாலும் அதுதான் முதல் பக்கம். அதில் வந்த ஒரு மனிதர் காணாமல் போனபோது ஒரு வரி இல்லை. செத்த பிறகு எடுத்த படத்தோடுதான் அவர் முகம் செய்திக்கு வந்தது. எத்தனை வருஷம் போனாலும் இது என் மனதை விட்டுப் போகவில்லை.

நிலா_நியூஜெர்சி:

நான் முன்பு ஒரு உள்ளூர் டிவி சேனலின் செய்திப் பிரிவில் உதவியாளராக இருந்தேன். எந்தச் சேனல் என்று சொல்ல விருப்பமில்லை. ஒரே வாரத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இரண்டு பெண்கள் காணாமல் போனார்கள். இரண்டு பேரும் பள்ளி மாணவிகள். ஒருத்தி வெள்ளையினம், இன்னொருத்தி கறுப்பினம். காலைக் கூட்டத்தில் இரண்டு படங்களும் திரையில் வந்தன. முதல் பெண்ணுக்கு நிருபர், கேமரா, வீட்டு வாசலில் இருந்து நேரலை என்று வேகமாக முடிவானது. இரண்டாவது பெண்ணின் படம் வந்ததும் தயாரிப்பாளர், "இவள் ஓடிப்போனவள் என்றுதானே போலீஸ் பதிவில் இருக்கிறது?" என்றார். அவ்வளவுதான், படம் மாறிவிட்டது. அதிகம் போனால் நான்கு வினாடி.

அந்த ஒரு பதிவு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆம்பர் அலர்ட் என்ற பொது எச்சரிக்கையை அனுப்ப, குழந்தை கடத்தப்பட்டதாகப் போலீஸ் நம்ப வேண்டும். ஓடிப்போனவள் என்று எழுதிவிட்டால் அந்த எச்சரிக்கை போகாது. எச்சரிக்கை போகாவிட்டால், அதைக் காரணம் காட்டியே செய்திப் பிரிவு ஒதுக்கிவிடும். செய்தி வராவிட்டால் போலீஸை யாரும் கேள்வி கேட்பதில்லை. கறுப்பினப் பெண்பிள்ளைகளுக்கு இந்த முத்திரை சுலபமாக விழுகிறது. அதனால்தான் கலிபோர்னியாவில் 12 முதல் 25 வயது வரையிலான கறுப்பின இளையோருக்கென்று எபோனி அலர்ட் சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. பழங்குடியினருக்கு அங்கே ஃபெதர் அலர்ட் அதற்கு முந்தைய வருஷமே வந்துவிட்டது.

வடகரை:

ஸ்காபரோவாசி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் முறைப்பாடே இல்லாத ஆளைப் பேப்பர் எப்படிப் போடும்? நம் ஆட்கள் பொலிஸ் பக்கம் போகவே பயப்படுகிறார்கள். முதலில் அதைச் சரி செய்யாமல் எல்லாவற்றையும் இனபேதம் என்றால் சரியாக இருக்காது.

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. எங்கள் கட்டடத்தில் அடித்தளத்தில் வாடகைக்கு இருந்த ஒரு தம்பி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். வீட்டுக்காரர் உட்பட ஒருவரும் பொலிஸுக்குச் சொல்ல விடவில்லை. "அவனுக்கு விசா இல்லை, தேவையில்லாத பிரச்சினை" என்றார்கள். அவனுடைய குளிர்ச் சப்பாத்து நெடுநாள் வாசலில் கிடந்தது. இதற்குச் செய்தியாளர் மேல் குற்றம் சொல்ல முடியுமா?

ஸ்காபரோவாசி:

வடகரை அண்ணை, நீங்கள் ஒரு ஆளை மட்டும் பார்க்கிறீர்கள். அதே வழக்கில் முதலில் கொல்லப்பட்டவரும் இலங்கைத் தமிழர்தான். 2010 செப்டம்பர். அவரைக் காணவில்லை என்று முறைப்பாடு இருந்தது, நண்பர்கள் தேடினார்கள். அப்புறம் அதே வட்டாரத்தில் இன்னும் இரண்டு பேர், இருவரும் ஆப்கானிஸ்தான் பின்னணி. 2012-ல் பொலிஸ் ப்ரொஜெக்ட் ஹூஸ்டன் என்று விசாரணை தொடங்கி, 2014-ல் ஒன்றும் கிடைக்காமல் மூடியது. இதற்கெல்லாம் பெரிய பேப்பர்களில் எவ்வளவு இடம் கிடைத்தது?

2017 ஜூனில் ஒரு வெள்ளையினத்தவர் காணாமல் போனார். நல்ல மனிதர், நண்பர்கள் நிறையப் பேர், அவர்கள் ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள். அவர்களை நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், அவர்கள் விடாமல் நின்றதால்தான் எல்லாருக்கும் விடிவு வந்தது. ஆனால் அதற்குப் பிறகுதான் நாடு முழுக்கச் செய்தி. அந்த டிசம்பரில்கூடத் தொடர் கொலையாளி இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று பொலிஸ் தலைவர் சொன்னார். அடுத்த மாதமே மக்ஆர்தர் கைது. கடைசியில் எட்டுப் பேரைக் கொன்றதாக 2019-ல் அவன் ஒப்புக்கொண்டான். எட்டில் ஆறு பேர் தெற்காசிய அல்லது மத்திய கிழக்குப் பின்னணி உள்ளவர்கள். இதை நான் மட்டும் சொல்லவில்லை. காணாமல் போனவர்களை ரொறன்ரோ பொலிஸ் தேடிய விதம் பற்றி முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்டைன் 2021-ல் கொடுத்த அறிக்கையில் 151 பரிந்துரைகள் இருக்கின்றன. நேரம் கிடைத்தால் வாசியுங்கள்.

பயத்தைப் பற்றிச் சொன்னீர்கள். பேசினால் ஒருவரும் கேட்பதில்லை என்று பார்த்துப் பார்த்துத்தானே அந்தப் பயம் இறுகியது.

மலைப்பாதை:

சின்னப் பதிவுதான். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நெடுஞ்சாலை 16-இல் வேலை விஷயமாக ஓட்டிக்கொண்டு போனேன். பிரின்ஸ் ரூபர்ட் முதல் பிரின்ஸ் ஜோர்ஜ் வரை 700 கிலோமீட்டருக்கு மேல், கண்ணீர் நெடுஞ்சாலை என்று பெயரே விழுந்துவிட்ட பாதை. பெற்றோல் நிரப்ப நின்ற இடத்தில் கதவில் ஒரு பெண்ணின் படம் ஒட்டியிருந்தது. வெயில் பட்டு முகம் நீலமாகிவிட்டது. பணம் வாங்கிய அம்மா பழங்குடி இனத்தவர். நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "அது என் மச்சாள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தார்.

1970-களில் இருந்தே அந்தப் பாதையில் பழங்குடிப் பெண்கள் காணாமல் போனார்கள். 2002-ல் மரம் நடும் வேலைக்கு வந்த ஒரு வெள்ளையினப் பெண் காணாமல் போன பிறகுதான் வெளியூர்ப் பத்திரிகைகள் அந்தப் பக்கம் திரும்பின.

சான்ஹோசே அப்பா:

என் நண்பரின் அப்பாவுக்கு மறதி நோய், ஒரு மாலை வீட்டை விட்டு நடந்து போய்விட்டார். மறுநாள் கிடைத்துவிட்டார். எந்தச் சேனலும் போடவில்லை, அது போகட்டும். எல்லாரும் புலம்புகிறீர்களே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆகையால் சொல்கிறேன்.

24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொய். அமெரிக்காவிலும் கனடாவிலும் உடனே புகார் கொடுக்கலாம். புகார் எண்ணையும் அதிகாரியின் பெயரையும் வாங்காமல் நகராதீர்கள். பதிவில் என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள், "தானாகப் போனார்" என்று இருந்தால் ஏன் என்று கேட்டு மாற்றச் சொல்லுங்கள். அமெரிக்காவில் நேம்அஸ் என்ற தேசியத் தரவுத்தளம் இருக்கிறது, அதில் குடும்பமே விவரம் சேர்க்கலாம். 2008-இல் தொடங்கிய பிளாக் அண்ட் மிஸ்ஸிங் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் செய்தி அறைகளோடு பேச உதவுகின்றன. குடும்பத்தில் ஒரே ஒருவர் மட்டும் ஊடகத்திடம் பேசட்டும். முக்கியமாக, படம். முகம் தெளிவாக, சிரித்தபடி, நல்ல உடையில் இருக்கும் படம் ஒன்றை இப்போதே எடுத்து வையுங்கள். பட்டமளிப்பு விழாப் படம் இருந்தால் இன்னும் நல்லது. பார்க்கிறவர்களுக்கு, இவர் நம்மைப் போன்றவர் என்று தோன்ற வேண்டும்.

நிலா_நியூஜெர்சி:

சான்ஹோசே சார், புகார், நேம்அஸ் பற்றிச் சொன்னது எல்லாம் பயனுள்ளது. படம் பற்றிச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் மேலே எழுதிய அந்தப் பெண்ணின் அம்மா, கூட்டம் நடந்த அன்று மதியம் சேனலுக்கே வந்தார். வரவேற்பறையில் நான்தான் போய்ப் பார்த்தேன். கையில் ஒரு உறை. உள்ளே பள்ளிச் சீருடைப் படம், தேவாலயப் பாடகர் குழுவில் நிற்கும் படம், மதிப்பெண் பட்டியலின் நகல். "அவள் நல்ல பெண்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். மகள் தொலைந்து தவிக்கும் நேரத்தில், தேடுவதற்குத் தகுதியானவள் என்று அவர் எங்களிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த இன்னொரு அம்மாவை ஒருவரும் மதிப்பெண் பட்டியல் கேட்கவில்லை. அவர் வீட்டுக்கு நாங்களே வண்டி அனுப்பினோம்.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் க்வென் ஐஃபில் 2004-ல் ஒரு பத்திரிகையாளர் மாநாட்டில் இந்தப் பழக்கத்துக்கு "மிஸ்ஸிங் வைட் வுமன் சிண்ட்ரோம்" என்று பெயரே வைத்துவிட்டார். காணாமல் போவது வெள்ளைப் பெண் என்றால் செய்தி அறைக்குப் பிடிக்கும் காய்ச்சல் அது. 2021-இல் வயோமிங்கில் 22 வயது வெள்ளையினப் பெண் ஒருவர் காணாமல் போனபோது நாளெல்லாம் அதே செய்தி ஓடியது. 2011 முதல் 2020 வரை அதே வயோமிங்கில் 710 பழங்குடி மக்கள் காணாமல் போனதாகப் பதிவு இருப்பதாக அந்த ஜனவரியிலேயே அறிக்கை வந்திருந்தது. அந்த 710 குடும்பங்களிலும் நல்ல படம் ஒன்றுகூடவா இல்லாமல் போயிருக்கும்?

குடும்பம் படம் தயாராக வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வி கேட்க வேண்டிய இடம் காலைக் கூட்டம். உங்கள் ஊர்ச் சேனலின் செய்தி ஆசிரியருக்கு எழுதுங்கள். போன மாதம் உங்கள் மாவட்டத்தில் காணாமல் போனவர்களில் யார் யாரைப் போட்டீர்கள், யாரை விட்டீர்கள் என்று கேளுங்கள். நான் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கே பகிர்கிறேன்.