ஆர்கானுக்கு ஏன் பொட்டாசியத்தைவிட அதிக அணு நிறை?

வணக்கம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். குளோரினின் ஒப்பு அணு நிறை 35.5 எப்படி வருகிறது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது: அணுக்களில் நான்கில் மூன்று பங்குக்கு நிறை எண் 35, மிச்சத்துக்கு 37, அவற்றின் சராசரி. அப்புறம் தனிம அட்டவணையைப் பார்த்துவிட்டு அவள் கேட்ட கேள்வியில்தான் சிக்கிக்கொண்டேன்.

ஆர்கான் அணு எண் 18, ஒப்பு அணு நிறை 39.95. அடுத்த தனிமமான பொட்டாசியத்துக்கோ 39.10தான். காரணம் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்கள்) விகிதம் என்று தெரியும். பொட்டாசியத்தில் சுமார் 93% நிறை எண் 39. காற்றிலுள்ள ஆர்கானில் 99.6% நிறை எண் 40. அந்த ஆர்கான்-40, பாறைகளிலுள்ள பொட்டாசியம்-40 சிதைந்து வந்தது என்கிறார்கள். ஆனால் பொட்டாசியத்தில் அந்த ஐசோடோப்பு இன்று வெறும் 0.012%. அதிலும் பத்தில் ஒரு பங்குபோலத்தான் ஆர்கானாகிறது, மற்றது கால்சியம். இதிலிருந்தா காற்றில் கிட்டத்தட்ட 1% ஆர்கான் சேர்ந்தது? பொட்டாசியம்-40இன் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) சுமார் 125 கோடி ஆண்டுகள் என்பதை வைத்து யாராவது கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

இன்னொன்று: சூரியனில் ஆர்கான்-36தான் அதிகமாம். அப்படியானால் அங்கே ஒப்பு அணு நிறை 36ஐ ஒட்டி வருமா? சரி என்றால் அட்டவணையிலுள்ள எண் பூமிக்கு மட்டும்தானா? பள்ளி மாணவிக்குப் புரிகிற அளவில் சொன்னால் நல்லது.