நியூட்ரல் பில்டரில் சரியாக வருகிறது, கரைசலில் மட்டும் குறைகிறது. ஏன்?

கேள்வி:
ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரை (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளக்கும் கருவி) 340 நானோமீட்டரில் அளவுத்திருத்தம் செய்கிறேன். நியூட்ரல் டென்சிட்டி பில்டர்கள் (ஒளியைத் தெரிந்த அளவு குறைக்கும் சாம்பல் நிறத் தகடுகள்) சான்றிதழில் இருப்பதையே காட்டுகின்றன. ஆனால் அன்றைக்கே புதிதாகக் கலக்கிய என்ஏடிஹெச் (340-ஐ விழுங்கும் உயிர்வேதிப் பொருள்) கரைசலில் அப்சார்பன்ஸ், அதாவது ஒளி உறிஞ்சும் அளவு, 1 வர வேண்டிய இடத்தில் 0.996, 2-க்கு 1.96, 3-க்கு 2.70. 50 முறை அளந்து சராசரி எடுத்தும் அதே எண்தான் வருகிறது. 0.04 கூட்டிப் பார்த்தேன், 2 சரியாகி 1 கெட்டுவிட்டது. டார்க் ரீடிங்கும் (ஒளியை மறைத்து எடுக்கும் அளவு) கழித்தாயிற்று. இனி எங்கே தேடுவது?

பதில் 1:
எத்தனை முறை அளந்தாலும் சராசரி முன்னும் பின்னும் ஆடும் பிழையைத்தான் குறைக்கும், ஒரே பக்கம் சாயும் பிழை அப்படியே நிற்கும். உங்கள் எண்கள் அச்சு அசல் ஸ்ட்ரே லைட், அதாவது வேறு அலைநீளத்தில் கசிந்து வரும் ஒளி. அப்சார்பன்ஸ் 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் வர வேண்டும், வேறு அலைநீளத்தில் இன்னொரு ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்து வந்தால் ஒளி இரட்டிப்பாகி 2.70 ஆகிவிடும். டார்க் ரீடிங்கில் ஷட்டர் மூடியிருப்பதால் கசிவும் சேர்ந்தே அடைபடும், கழிக்க எதுவும் கிடைக்காது.

பில்டர் ஏன் தேறியது என்பதுதான் முக்கியம். அது எல்லா அலைநீளத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்கும், கசிவையும் சேர்த்து. என்ஏடிஹெச் 340-ஐ விழுங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டுவிடுகிறது.

லிட்டருக்கு 50 கிராம் சோடியம் நைட்ரைட் கரைசலை 340-இல் வைத்துப் பாருங்கள். 340 அதைத் தாண்டாது, மீட்டரில் தெரிவது கசிவுதான்.

பதில் 2:
விளக்கையும் பாருங்கள். 340-இல் டங்ஸ்டன் மங்கல், டியூட்டீரியத்துக்கு மாற்றினால் கசிவின் பங்கு குறையலாம். கூவெட்டில் (கரைசல் ஊற்றும் சிறு பாத்திரம்) கைரேகை இருந்தால் எண் கூடத்தான் செய்யும், உங்களுக்குக் குறைகிறது, அதனால் அந்தப் பக்கம் தேட வேண்டாம்.

கேட்டவர்:
நைட்ரைட்டில் 0.1 சதவீதம் டிரான்ஸ்மிட்டன்ஸ் (தாண்டி வரும் ஒளியின் பங்கு) வந்தது! அதை வைத்துக் கணக்கிட்டால் 2.00, 3.00 என்று பொருந்துகிறது. இனி எல்லா அளவுக்கும் இதைக் கழிக்கலாமா?

பதில் 1:
2 வரை சரி. 3-இல் நான் நம்ப மாட்டேன். அந்த 0.1 உண்மையில் 0.11 ஆக இருந்தால் 2-இல் 0.004 பிசகும், 3-இலோ 0.05 அளவுக்குப் போய்விடும். அடர்ந்த கரைசலை நீர்க்கச் செய்து, 2-க்குக் கீழே கொண்டுவந்து அளந்துவிடுங்கள். அப்புறம், நிறமுள்ள மாதிரி என்றால் அது கசிவையும் ஓரளவு விழுங்கும், அதற்கு இந்த 0.1 பொருந்தாது.