இலவசமாகக் கிடைத்த மனநல உதவி: நாங்கள் கண்டதும் பெற்றதும்

புதுக்கோட்டை மாவட்டக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி:

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி, 2012ஆம் ஆண்டு ஆடி மாதம் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குத் திரும்பி வந்தான். தெருவே தன்னைப் பற்றிப் பேசுகிறது என்றான். சோற்றில் எதையோ கலந்திருக்கிறோம் என்று சொல்லிச் சாப்பிட மறுத்தான். இரவெல்லாம் கொல்லையில் நின்றுகொண்டு, எங்கள் கண்ணுக்குத் தெரியாத யாரிடமோ வாதாடிக்கொண்டிருந்தான். அம்மா கோடாங்கி பார்த்தார், மந்திரித்த கயிறு கட்டினார். அதன் பிறகுதான் நகரத்திலிருந்த ஒரு தனியார் மருத்துவரிடம் போனோம். அவர் கொடுத்த மருந்தில் தம்பி தேறத் தொடங்கினான் என்பது உண்மை. ஆனால் மருத்துவருக்கும் மாத்திரைக்கும் பேருந்துக்குமாக மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் ஆனது. நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவால் மூன்று மாதம்தான் சமாளிக்க முடிந்தது. மருந்து நின்றது, ஐந்தாறு வாரத்தில் எல்லாம் பழையபடி ஆனது.

அந்த நேரத்தில்தான் ஸ்கார்ஃப் நிறுவனத்தின் பேருந்தைப் பற்றி எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் சொன்னார். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய அந்த நிறுவனம், எங்கள் மாவட்டத்துக்கென்றே ஒரு பேருந்தை அனுப்பி, கிராமம் கிராமமாகத் தொலைவழி மனநல மருத்துவம் பார்த்துவந்தது. பேருந்துக்குள் சின்ன அறை, அதில் ஒரு திரை. சென்னையில் இருக்கும் மருத்துவர் அந்தத் திரையில் தோன்றிப் பேசுவார். அவர் சொல்லும் மாத்திரையைப் பேருந்திலேயே காசு வாங்காமல் கொடுத்துவிடுவார்கள். தொலைக்காட்சியில் தெரியும் டாக்டரிடம் என்ன சொல்லிவிட முடியும் என்று அம்மா தயங்கினார். ஆனால் அந்த மருத்துவர் தம்பியிடம் நோயைப் பற்றி எடுத்த எடுப்பில் எதையும் கேட்கவில்லை. "ராத்திரி தூக்கம் வந்துச்சா தம்பி?" என்றுதான் தொடங்கினார். எட்டு மாதமாக எங்களிடம் சொல்லாத பலவற்றை அவன் அன்று அவரிடம் சொன்னான். மனச்சிதைவு என்ற சொல்லை நாங்கள் முதன்முதலில் கேட்டது அந்தப் பேருந்தில்தான்.

மருந்து இலவசம் என்பது பெரிய உதவி. ஆனால் என் தம்பி இன்று நிற்கிறான் என்றால், அதில் சரிபாதி பங்கு பக்கத்து ஊரிலிருந்து வந்த களப்பணியாளருக்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண். தம்பி ஒரு முறை வராமல் விட்டால் மறுநாள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார். மாத்திரையால் கை நடுங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது என்று தம்பி வெட்கப்பட்டு மருந்தை ஒளித்துவைத்ததைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதை மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றவைத்தவரும் அவரே. பக்கவிளைவைச் சொல்ல ஆள் இல்லாமல் எத்தனை வீடுகளில் மருந்து பாதியில் நிற்கிறதோ, நினைத்தால் மனம் கனக்கிறது.

இப்போது அவனுக்கு அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக மாத்திரை வாங்குகிறோம். ஓ.பி. சீட்டுக்கும் மருந்துக்கும் காசு இல்லை. முதல் முறை போனபோது தவறான நாளில் போய்விட்டு, பொது மருத்துவர் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று திரும்பினோம். வட்ட மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் தினமும் வருவதில்லை. குறிப்பிட்ட நாளில்தான் வருவார். அந்த நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலி மிஞ்சும்.

ஓசூரிலிருந்து ஒரு தொழிலாளர்:

சகோதரி எழுதியது நோயாளியை மற்றவர் அழைத்துச் சென்ற கதை. எனக்கு அழைத்துச் செல்ல யாரும் இல்லை. 2023இல், இரவுப் பணி முடிந்து அறைக்கு வந்தால் தூக்கம் வராது. கடன், பிரிந்துபோன மனைவி, பார்க்க முடியாத பிள்ளை என்று ஒன்றன்பின் ஒன்றாக மனத்தில் ஓடும். ஒரு விடியற்காலை 14416 என்ற எண்ணை அழைத்தேன். அது ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவை; தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

எதிர்முனையில் பேசிய பெண் எனக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை என்பதைக் குறிப்பாக எழுத விரும்புகிறேன். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டார். ஒன்றரை ஆண்டாக அப்படி ஒருவரும் கேட்டதில்லை, கேட்டதும் அழுதுவிட்டேன். தனியாக இருக்கிறேனா, காலையில் யாரிடம் பேச முடியும் என்றெல்லாம் விசாரித்தபின், அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். போனேன். கொடுத்த மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம் என்று மருத்துவர் முதல் நாளே சொல்லியிருந்ததால், பத்தாம் நாள் ஒன்றும் தெரியாதபோதும் நிறுத்தாமல் இருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தை எல்லா மருத்துவர்களும் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

பரமக்குடியிலிருந்து ஒரு தாய்:

என் மகளை ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போனேன். இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. ஏர்வாடி என்றதும் 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் நடந்த தீ விபத்து எல்லோருக்கும் நினைவு வரும். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் குடும்பத்தில் எல்லோரும் ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நின்றபோது, அவர்கள் சம்மதித்த ஒரே இடம் தர்காதான்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, தர்காவிலேயே அரசு மனநல மருத்துவர் பார்க்கிறார் என்று. 'தவா துவா' என்கிறார்கள், மருந்தும் பிரார்த்தனையும். துவா ஓதியவர்களும் மருத்துவரைப் பார்க்க வேண்டாம் என்று தடுக்கவில்லை. "மருந்தைச் சாப்பிட்டுக்கிட்டே இங்க வாங்கம்மா" என்று அந்தப் பெரியவர் சொன்ன சொல்லைத்தான் என் மாமியார் கேட்டார். நான் ஒரு வருடம் சொல்லியும் கேட்காதவர். நம்பிக்கையைத் திட்டி எங்களை மருத்துவத்துக்கு அழைத்திருந்தால், நாங்கள் வந்தே இருக்க மாட்டோம்.

புதுக்கோட்டைச் சகோதரி மீண்டும்:

இரண்டு பேர் தனிச்செய்தியில், வறுமைக்கோட்டு அட்டை இல்லையே, இலவசமாகப் பார்ப்பார்களா என்று கேட்டிருந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு, கையில் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டணமில்லாத மனநல சிகிச்சை பெற உரிமை தருகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் எங்களிடம் யாரும் அட்டையைக் கேட்டதே இல்லை. சென்னையில் இருப்பவர்கள் நேராகக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் புறநோயாளர் பிரிவுக்கே போகலாம். தற்கொலை எண்ணம் வருகிறவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவுடன் 044-24640050 என்ற எண்ணில் பேசலாம். பேசுவதை வெளியில் சொல்ல மாட்டார்கள். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம், "மனநல டாக்டர் எந்தக் கிழமை வருவார்?" என்று மட்டும் கேளுங்கள். எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை. தம்பியின் நோட்டையும் பழைய மாத்திரை அட்டையையும் பையில் எடுத்து வைத்துவிட்டேன். இந்த முறை அவன் தனியாகப் போய்வருகிறேன் என்கிறான்.