நீதிமொழிகள் 8:22: "கொண்டிருந்தார்" சரியா, "படைத்தார்" சரியா?

வேதபாட_வகுப்பு:
நீதிமொழிகள் 8:22-இல் ஞானம் பேசுகிறது. பழைய திருப்புதல் என்னும் தமிழ் வேதாகமத்தில், "கர்த்தர் தமது கிரியைகளுக்குமுன் பூர்வமுதல் என்னைத் தமது வழியின் ஆதியாகக் கொண்டிருந்தார்" என்று இருக்கிறது. இன்னொரு தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "படைத்தார்" என்று வருகிறது. 1 கொரிந்தியர் 1:24 கிறிஸ்துவை தேவஞானம் என்கிறது. இரண்டையும் சேர்த்தால் கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்று ஆகிவிடாதா? மூலத்தில் என்ன இருக்கிறது, ஆதிச்சபை இதை எப்படி வாசித்தது? கூடவே இன்னொன்று: திரித்துவ உபதேசத்தைக் கையில் வைத்துக்கொண்டு வசனத்தை வளைக்கிறோமா?

மூலமொழி:
மொழிபெயர்ப்பை மட்டும் சொல்கிறேன். எபிரெய வினை "கானா". அடிப்படைப் பொருள் பெறுதல், சம்பாதித்தல், விலைக்கு வாங்குதல். இதே நீதிமொழிகள் 4:5-இல் "ஞானத்தைச் சம்பாதி" என்று இருப்பதும் இந்த வினைதான். ஆதியாகமம் 4:1-இல் ஏவாள் காயீனைப் பெற்றபோது சொல்லும் "பெற்றேன்" என்பதும் இதுவே. ஆதியாகமம் 14:19-இல் "வானத்தையும் பூமியையும் உடையவராகிய" என்று பழைய திருப்புதல் போட்டிருக்கும் இடத்தில், "படைத்தவராகிய" என்று போடுகிறவர்களும் உண்டு. ஆகவே இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புக்கும் இடமிருக்கிறது. யாரும் திருட்டுத்தனம் செய்யவில்லை.

சிக்கல் கிரேக்கத்தில் தொடங்கியது. பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து இங்கே "எக்டிசென்", அதாவது "படைத்தார்" என்று போட்டது. குமாரன் படைக்கப்பட்டவர் என்று நான்காம் நூற்றாண்டில் போதித்த ஆரியுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டு முந்தைய, கிறிஸ்தவச் சண்டை எதுவும் தெரியாத ஒரு யூத மொழிபெயர்ப்பு அது. பிற்பாடு இன்னொரு கிரேக்க மொழிபெயர்ப்பாளரான அக்கிலா "சம்பாதித்தார்" என்ற பொருளில் வேறு வினையைப் போட்டார். எரோணிமுவின் லத்தீன் மொழிபெயர்ப்பிலும் "உடைமையாகக் கொண்டார்" என்றே வந்தது.

24, 25-ஆம் வசனங்களை விட்டுவிடாதீர்கள். "ஜநிப்பிக்கப்பட்டேன்" என்று அங்கே வரும் எபிரெயச் சொல் பிரசவ வேதனையோடு தொடர்புள்ளது. 22-ஐ மட்டும் பிய்த்து எடுத்தால் பாதிப் படம்தான்.

அலெக்சந்திரியா_வாசகன்:
மேலே சொன்னதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: நான்காம் நூற்றாண்டில் பெரும்பாலோர் கையில் இருந்தது கிரேக்கம்தான். ஆரியு, நிக்கொமேதியா ஆயர் எவுசேபியுக்கு எழுதிய கடிதத்தில், குமாரன் பிறப்பிக்கப்படுமுன், படைக்கப்படுமுன், நிலைநாட்டப்படுமுன் இல்லை என்கிறார். அந்த வினைகளை அப்படியே நீதிமொழிகள் 8-லிருந்து அள்ளியிருக்கிறார். அவர் வாதத்தின் அச்சாணி ஒன்றே: "படைத்தார்", "பிறப்பித்தார்" இரண்டும் ஒரே பொருள்.

கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய சபைச் சங்கம் கை வைத்தது இந்த அச்சாணியில்தான். பிறப்பிக்கப்பட்டவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல என்று இரண்டையும் பிரித்தது. அதற்குப் பிறகு இந்த வசனத்தை வாசிப்பவர், எந்த வினை எதைப் பற்றியது என்று கேட்டே ஆகவேண்டும்.

நிசேயாவின் பக்கம் நின்ற அலெக்சந்திரியா ஆயர் அத்தனாசியு, ஆரியருக்கு எதிரான இரண்டாம் உரையில் இந்த ஒரு வசனத்துக்கு நீண்ட பகுதியையே ஒதுக்குகிறார். அவர் எபிரெயத்துக்கு ஓடவில்லை. "படைத்தார்" என்பதை ஒப்புக்கொண்டே வாதாடுகிறார். கிரேக்க வாசகம், "தம் செயல்களுக்காக என்னைப் படைத்தார்". "செயல்களுக்காக" என்ற நோக்கம் சேர்ந்து வருகிறது, ஆகவே இது மீட்புக்காக அவர் எடுத்த மனிதத்தன்மையைப் பற்றியது என்கிறார். 25-இல் "என்னைப் பிறப்பிக்கிறார்" என்பதற்கு நோக்கம் எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே அது நித்தியப் பிறப்பு. 380-இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் நசியான்சு கிரகோரியும் இதே வழியில் போனார்: காரணத்தோடு சொல்லப்பட்டது மனிதத்தன்மைக்கு, காரணமின்றிச் சொல்லப்பட்டது தெய்வத்தன்மைக்கு.

வகுப்பில் பயன்படுத்த அத்தனாசியுவின் மூன்று கேள்விகள் போதும். வசனம் எந்த ஆளைப் பற்றியது? எந்தக் காலத்தைப் பற்றியது (அவதாரத்துக்கு முன்பா, பின்பா)? எந்தப் பொருளைப் பற்றியது? மாற்கு 13:32-இல் குமாரனும் அறியாத நாளுக்கும், யோவான் 14:28-இல் "பிதா என்னிலும் பெரியவர்" என்பதற்கும் இவற்றைப் போட்டுப் பாருங்கள்.

எபேசு431:
இங்கேதான் பலர் வழுக்குவது. மூன்று கேள்வியும் கைக்கு வந்ததும் வசனங்களை இரண்டு கூடையில் போட ஆரம்பிப்பார்கள்: அழுதது மனித இயேசு, லாசருவை எழுப்பியது தேவ வார்த்தை. இரண்டு வாரத்தில் வகுப்பில் இரண்டு கிறிஸ்து உட்கார்ந்திருப்பார்கள்! 430-இல் அலெக்சந்திரியா ஆயர் சிரிலின் நான்காவது கண்டனம் சரியாக இதைத்தான் குறிவைத்தது: சுவிசேஷ வாக்கியங்களை இரண்டு ஆட்களுக்குப் பங்கிடாதே.

449-இல் ரோம் ஆயர் லியோ எழுதிய மடலிலும் இதே லாசரு உதாரணம் உண்டு. அவர் சொல்வது இரண்டு தன்மை, இரண்டு ஆள் அல்ல. 451-இல் கல்செதோன் சங்கம் அதை "ஒரே ஆள், இரண்டு தன்மை, கலக்காமல், பிரிக்காமல்" என்று உறுதிசெய்தது. ஆகவே "யார்?" என்ற கேள்விக்கு விடை எப்போதும் ஒன்று: குமாரன். "எந்தத் தன்மையால்?" என்பதற்கே விடை மாறும். யோவான் 11:35-இல் கண்ணீர் விட்டவரும் 11:43-இல் உரத்த சத்தமாய்க் கூப்பிட்டவரும் ஒருவரே.

எதிர்ப்பக்கம் விழுவதும் உண்டு. கெத்செமனே ஜெபத்தை வெறும் நடிப்பாக, நமக்கு மாதிரி காட்டுவதற்காக மட்டும் என்று வாசிப்பது. அவருக்கு உண்மையான மனித சித்தம் உண்டு என்று 681-இல் கான்ஸ்டான்டிநோப்பிள் சங்கம் தீர்மானித்த பிறகு அந்த வாசிப்புக்கு இடமில்லை.

வேதபாட_வகுப்பு:
நன்றி சகோதரர்களே. ஆனால் கடைசிக் கேள்வி அப்படியே நிற்கிறதே. "செயல்களுக்காக" என்பதை அவதாரம் என்று வாசிப்பது வளைத்தல் இல்லையா?

மூலமொழி:
22-ஐப் பொறுத்தவரை ஆம், வளைத்தல்தான் என்பது என் கருத்து. "செயல்களுக்காக" என்பது கிரேக்கத்தில் மட்டும் உள்ளது. எபிரெயத்தில் "அவருடைய செயல்களுக்கு முன்" என்றுதான் வருகிறது. தவிர அந்த அதிகாரம் ஞானத்தை வீதியில் நின்று கூப்பிடும் பெண்ணாக உருவகிக்கிறது. 9:13-இல் மதியற்ற ஸ்திரீ அதற்கு எதிரே நிறுத்தப்படுகிறாள். அவளை யாரும் ஒரு நபராக எடுத்துக்கொள்வதில்லையே?

கவனிக்க வேண்டியது: ஞானம் என்றால் கிறிஸ்து என்பதில் ஆரியுவுக்கும் அத்தனாசியுவுக்கும் தகராறே இல்லை. இருவரும் கிறிஸ்துவை வைத்துத்தான் வாசித்தார்கள், அவர் யார் என்பதில்தான் பிரிந்தார்கள். உபதேசம் இல்லாத வாசிப்பு அன்றைக்கு எந்தப் பக்கத்திலும் இல்லை.

அலெக்சந்திரியா_வாசகன்:
வசனத்தில் வளைவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். முறையில் இல்லை. அத்தனாசியு உபதேசத்தை 8:22-லிருந்து எடுக்கவில்லை. யோவான் 1:1-14, பிலிப்பியர் 2:6-11 இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டு இங்கே வருகிறார். தெளிவான இடத்திலிருந்து மங்கலான இடத்துக்குப் போவது நியாயமான வழி. நிசேயாவை ஏற்கிறவர் எல்லா ஆதார வசனத்தையும் ஏற்கவேண்டும் என்றும் இல்லை. "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்ற யோவான் 10:30-ஐ, பிதாவும் குமாரனும் ஒரே சாரம் என்பதற்கு ஆதாரமாக முன்னோர் பயன்படுத்தியது தவறு என்று சீர்திருத்தவாதி கால்வினே எழுதினார்.

வகுப்புக்கு என் யோசனை: 8:1 முதல் 9:18 வரை ஒரே மூச்சில் சத்தமாக வாசிக்க வையுங்கள், பத்து நிமிடத்துக்குள் முடியும். இரண்டு மொழிபெயர்ப்பையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். "சகலமும் அவர் மூலமாய் உண்டாயிற்று" என்ற யோவான் 1:3-ஐ அதற்குப் பிறகு திறந்தால் போதும், முன்னால் வேண்டாம்.