புதுச்சேரி பிரெஞ்சுப் போர் நினைவிடச் சடங்குகள்: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

குருசுக்குப்பத்துக்காரன்:
ஜூலை 13 ராத்திரி விளக்கு ஊர்வலம், மறுநாள் கடற்கரைச் சாலையில் மலர்வளையம், எல்லாம் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது எங்கள் தெரு சொல்தா தாத்தாவைப் பற்றி. சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிரெஞ்சு தேசிய கீதம் பாதியில் இருக்கும்போது அவர் கோட்டில் குத்தியிருந்த பதக்கம் ஊக்கு விட்டுப்போய்க் கீழே விழுந்தது. சத்தம் பின்வரிசை வரை கேட்டது. தாத்தா குனியவில்லை. நெற்றியில் வைத்த கை அப்படியே. ஜன கண மன முடிந்த பிறகுதான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். "எந்தச் சண்டையில் கொடுத்தது தாத்தா?" என்றேன். "இந்தோசீனா." இன்றைய வியட்நாம் பக்கம். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அங்கே என்னதான் பார்த்தாரோ, இன்றைக்கும் மனசை அரிக்கிறது.

முத்தியால்பேட்டை அக்கா:
தம்பி, ஜூலை 14 பிரெஞ்சுப் புரட்சியில் பாஸ்டில் சிறை விழுந்த நாள். நினைவிடத்துக்கு உரிய நாள் நவம்பர் 11. 1938-ல் அதைத் திறந்ததே முதல் உலகப்போரில் செத்த நம்மூர்ப் பிள்ளைகளுக்காக. அந்தப் போர் ஓய்ந்தது 1918 நவம்பர் 11. விளக்கு ஊர்வலம் இல்லை என்று அந்த நாளை விட்டுவிடலாமா? ஒரு வருஷம் நல்ல ஐப்பசி மழை. மௌன அஞ்சலி என்றதும் முன்னால் நின்ற கிழவி குடையை மடக்கினார். பார்த்து எல்லாருமே மடக்கினார்கள். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் மூக்கில் தண்ணீர் சொட்டியது, துடைக்கவே இல்லை.

தேவனாம்பட்டினம்:
எங்கள் கடலூரில் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது, சடங்குதான் இல்லை. 1690-ல் இங்கிலீஷ்காரன் மராத்தியரிடம் வாங்கினான். பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை ஊர்கள் அவனுக்கு. குண்டு உப்பலவாடி என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். போன மாசம் போனால் மிச்சச் செங்கல் சுவரில் ஆடு கட்டியிருக்கிறது. வயிறு எரிந்தது.

சரி, சொல்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று. பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து மழுங்கிவிடும். ரிப்பனைக் கழற்றாதீர்கள். பட்டாளத்துக் காகிதங்களை லேமினேட் செய்யாமல் ஸ்கேன் எடுத்து வையுங்கள். பழைய போட்டோவின் பின்னால் பென்சிலால் பெயர், ஊர், படைப்பிரிவு எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். தாத்தா பேசவில்லை என்றால் பாட்டியிடம் கேளுங்கள். கடிதம் வந்த ஊரெல்லாம் அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.