கீழக்கரைப் பக்கம் லேடீஸ் ஹாஸ்டல்: மெஸ் பில், உப்புத் தண்ணி, அவுட்டிங் பற்றி விவரம் வேண்டும்

கேள்வி: நாமக்கல் தறிக்காரன்

தங்கச்சிக்குக் கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட வேண்டும். கையில் கொடுத்த விதிமுறைத் தாளில் பாதி புரியவில்லை. "மெஸ் கட்டணம் டிவைடிங் முறையில்" என்று இருக்கிறது, மாதம் எவ்வளவு என்று இல்லை. ஹீட்டர் ராடு, கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு எதுவும் கூடாதாம். எங்கள் வீட்டில் யாருக்கும் கடலோர ஊர் பழக்கமில்லை. அங்கே தண்ணீர் உப்பு என்று பயமுறுத்துகிறார்கள். என்ன வாங்கிக் கொடுத்துவிடலாம், எது வீண்? ஊருக்கு வர அனுமதி எப்படி வாங்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: தொண்டி மெஸ் கமிட்டி

தம்பி, டிவைடிங் என்றால் மாதம் முடிந்த பிறகுதான் தொகை தெரியும். அதனால்தான் தாளில் போடவில்லை. அரிசி, மளிகை, காய்கறி, பால், கேஸ், சில இடங்களில் சமையல்காரர் சம்பளம், எல்லாவற்றையும் கூட்டுவார்கள். பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து எத்தனை நாள் சாப்பிட்டார்கள் என்று இன்னொரு கூட்டல். செலவை நாளால் வகுத்தால் ஒரு நாள் ரேட்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: 120 பேர், 30 நாள், ஆக 3,600 சாப்பாட்டு நாள். செலவு 3,24,000 ரூபாய். நாளுக்கு 90, தலைக்கு 2,700. இந்தச் செலவில் கேஸும் சம்பளமும் மட்டும் 72,000 என்றால், பத்தில் ஒரு பங்கு நாள் மெஸ் கட்டில் (ஊருக்குப் போகும் நாளுக்குச் சாப்பாடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துக் கழிப்பது) போனாலும் அந்த 72,000 அப்படியே நிற்கும். மளிகை, காய்கறிச் செலவு மட்டும் 2,52,000-லிருந்து 2,26,800 ஆகக் குறையும். மொத்தம் 2,98,800, அதை 3,240 நாளால் வகுத்தால் 92 ரூபாய்ச் சொச்சம். பொங்கல் லீவு வருகிற மாதம் நாள் ரேட் ஏறுவது இதனால்தான். ஏறினாலே திருட்டு என்று வார்டனிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சந்தேகம் இருந்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்; அரிசி மூட்டை வரவையும் தினசரி எடுப்பையும் ஒப்பிட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பணம் போகிற இடம் மெஸ் கட்தான். சாப்பிடாமல் இருந்தால் மட்டும் பில் குறையாது, எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பல ஹாஸ்டல்களில் தொடர்ந்து 3 நாளாவது போனால்தான் கழிப்பார்கள், கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் கணக்கில் வராது. வெள்ளி சாயந்தரம் கிளம்பித் திங்கள் காலை வந்தால் கையில் நிற்பது சனி, ஞாயிறு இரண்டு நாள்தான். ஒரு பைசா குறையாது. வியாழன் கிளம்பினால் மூன்று நாள் கிடைக்கும். எழுதிக் கொடுக்கும் நேரமும் முக்கியம்: மறுநாளுக்கான அரிசியும் காயும் முந்தின நாளே எடுத்து வைத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு கொடுத்த சீட்டு செல்லாது. உங்கள் தாளில் எத்தனை நாள், எத்தனை மணி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டும்போது மெஸ் அட்வான்ஸ், காஷன் டெபாசிட் இரண்டும் தனித்தனி ரசீதாக இருக்கட்டும். அட்வான்ஸ் பில்லில் கழியும். டெபாசிட் கடைசி வருஷம் நோ-டியூ (பாக்கி இல்லை) கையெழுத்து வாங்கியபின் திரும்பும், அப்போது ரசீதைக் கேட்பார்கள்.

மீன் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பக்க மெஸ்ஸில் அது பெரிய பஞ்சாயத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன்தான் வரும், விலை ஏறும். அந்த மாதம் வாரத்துக்கு ஒரு மீன் குழம்பைப் பிடிவாதமாகக் கேட்டால் பில்லில்தான் தெரியும். முட்டைக்கு மாற்றிக்கொள்கிற கமிட்டி புத்திசாலிக் கமிட்டி. நோன்பு மாதத்தில் சகர் (விடியுமுன் சாப்பிடும்) சாப்பாடு வேண்டுமென்றால் பெயரை முன்கூட்டியே கொடுக்கச் சொல்வார்கள்.

பதில் 2: உச்சிப்புளி வயர்மேன்

ராடு ஏன் கூடாது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, தடை என்று மட்டும் எழுதி ஒட்டுகிறார்கள். அதனால்தான் பிள்ளைகள் ஒளித்து வைத்துப் போடுகிறார்கள். அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். 1,500 வாட் ராடு 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். 2,000 வாட் இண்டக்‌ஷன் கிட்டத்தட்ட 8.7. ஒரே லைனில் நாலு அறை இருந்தால் வயர் சூடாகி இன்சுலேஷன் இளகும். இது எந்த ஊருக்கும் பொது. கடலோரத்தில் கூடுதலாக இன்னொன்று இருக்கிறது: உப்புக் காற்றில் பிளக்கின் உள்ளே பித்தளைப் பட்டை பச்சை பிடித்துவிடும். பிடி தளர்ந்து, தொடும் இடத்தில் மட்டும் சூடு ஏறி, பிளக் முகம் பழுப்பாகக் கருகும். அப்படிக் கருகிய பிளக்கைப் பார்த்தால் உடனே கம்ப்ளெயின்ட் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ராடை உப்புத் தண்ணீர் வாளியில் போட்டால் வெள்ளையாகப் பொருக்குக் கட்டி, உள்ளே சூடு தேங்கிக் குழாய் வெடிக்கும். வெடித்த ராடு கிடக்கும் தண்ணீரில் கை வைத்தால் ஆள் போச்சு.

ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் சேரும்போது மாடி முழுக்க அடிக்கடி இருட்டாகும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துவிடும். யாரோ ஒருத்தியின் ஈரமான எக்ஸ்டென்ஷன் பெட்டி போதும். எல்லாரும் பிளக்கைக் கழற்றிவிட்டு சுவிட்சைத் தூக்கி, ஒவ்வொன்றாகச் சொருகினால் எது என்று தெரிந்துவிடும். விழுகிறதே என்று அதை பைபாஸ் செய்யச் சொல்லி வாட்ச்மேனிடம் கெஞ்சுவது மட்டும் கூடாது.

வாங்க வேண்டியது: பித்தளைப் பூட்டு இரண்டு (இரும்புப் பூட்டு ஒரு மழைக்காலத்தில் இறுகிவிடும், மாதம் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டாலும் சந்தேகம்தான்). பிளாஸ்டிக் வாளி, மக்கு. தகரப் பெட்டி வேண்டாம், துணியில் துருக்கறை போகாது. ஸ்பிரிங் வைத்த துணி கிளிப்பும் அதே கதை. கனமான பஞ்சு மெத்தை ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். கோரைப்பாயும் மெல்லிய விரிப்பும் போதும்.

மறுபடி: நாமக்கல் தறிக்காரன்

ரொம்ப நன்றி அண்ணே. ராடைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தாச்சு. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் உப்பு குறையுமா? இன்னொன்று: எங்கள் பெரியப்பா மகனும் இந்த வருஷம் ராமநாதபுரத்தில் சேர்கிறான். வசதி குறைவு. அவனுக்கு அரசு விடுதி கிடைக்குமா?

பதில் 3: மண்டபத்துப் பொண்ணு

காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆவி போகப் போக உப்பு இன்னும் கெட்டிப்படத்தான் செய்யும். குடிக்க ஹாஸ்டல் ஆர்ஓ தண்ணி இல்லைன்னா காவிரிக் கூட்டுக் குடிநீர், இது ரெண்டு மட்டும்தான். தண்ணியில் கரைஞ்சிருக்கிற உப்பை அளக்கிற சின்ன டிடிஎஸ் மீட்டர் பேனா சைஸில் விக்குது, ஒரு மாடிக்கு ஒண்ணு போதும். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேறு தண்ணியே இல்லாத ஊரில் 2,000 வரைக்கும் அனுமதி, இது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) கணக்கு. ஆர்ஓ குழாயில் நம்பர் வாராவாரம் ஏறிக்கிட்டே போனா உப்பை வடிகட்டுற மெம்பரேன் போயிடுச்சுன்னு அர்த்தம், வார்டனிடம் நம்பரோடு சொன்னா வேலை நடக்கும். "தண்ணி நல்லால்ல" என்று சொன்னா நடக்காது.

குளிக்க, துவைக்க போர் தண்ணிதான். சோப்பு நுரைக்காம தயிர் மாதிரி திரியும். துணிக்குக் கட்டி சோப்பை விட சலவைத்தூள் தேவலை. தலைக்குக் குளிச்சா கடைசியில் ரெண்டு மக்கு நல்ல தண்ணி ஊத்தினா போதும், பிசுபிசுப்பு போயிடும். ஆனா அதுக்காக ஆர்ஓ குழாயில் வாளி வைக்காதீங்க, அதுக்குத்தான் நிறைய இடத்தில் அபராதம். ஊருக்குள்ள தள்ளுவண்டியில குடம் குடமா விக்கிற தண்ணி அது.

ஊருக்கு வர: சேரும்போது விசிட்டர் கார்டில் அப்பா, அம்மா, லோக்கல் கார்டியன் போட்டோவும் கையெழுத்தும் வாங்குவாங்க. அண்ணன் கூட்டிட்டுப் போகணும்னா அண்ணன் போட்டோவும் அதில் இருக்கணும், இல்லைன்னா கேட்டிலேயே நிறுத்திடுவாங்க. அதனால் இப்பவே ஒட்டிடுங்க. ஹோம் பாஸுக்கு (ஊருக்குப் போகிற அனுமதிச் சீட்டு) எழுதிக் கொடுத்ததும் கார்டில் உள்ள நம்பருக்குத்தான் போன் வரும். அந்த சிம்மை மாத்தாதீங்க. கேட் ரிஜிஸ்டரில் போகிற இடம்னு "வீடு" என்று மட்டும் எழுதாம ஊர்ப் பேரை எழுதணும்.

கீழக்கரைக்கு ரயில் கிடையாது. ராமநாதபுரத்தில் இறங்கி பஸ் மாறணும். திரும்பி வரும்போது லேட்டாகும்னு தெரிஞ்சா கேட் மூடுறதுக்கு முன்னாடியே வார்டனுக்குப் போன் பண்ணணும். முன்னாடி சொன்னா தகவல், பின்னாடி சொன்னா விளக்கக் கடிதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பதில் 4: பரமக்குடி ரோடு

பெரியப்பா மகனுக்கு: பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்றால் பெற்றோர் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கி.மீ. தூரம் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அந்தத் தூர விதி இல்லை. நாமக்கல்லிலிருந்து வருபவனுக்குத் தூரம் பிரச்சினையே இல்லை. உணவும் தங்குமிடமும் இலவசம். கல்லூரி மாணவருக்கு மாத உணவுப்படி 2023-ல் 1,100-லிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. ஒவ்வொரு விடுதியிலும் 5 இடம் இலங்கைத் தமிழர் முகாம் பிள்ளைகளுக்கு, மண்டபம் முகாமிலிருந்து விசாரிப்பவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். 2025-லிருந்து இவற்றுக்கு "சமூகநீதி விடுதி" என்று பெயர், பழைய பெயரில் தேடினால் குழம்பும். விடுதிக் காப்பாளரிடமே விண்ணப்பம் கிடைக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், வங்கிப் புத்தக நகல் வையுங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவையில் இன்றே போடுங்கள், அதுதான் இழுக்கும்.

யாரும் சொல்லாத ஒன்று: ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதிப்படி மாணவி ஒன்று, பெற்றோர் ஒன்று, வருஷா வருஷம் ஆன்லைனில் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1997-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது, 2 வருஷம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். "சீனியர் ரெக்கார்டு நோட்டை எழுதிக் கொடு" என்பதும் ராகிங்கில்தான் சேரும். 24 மணி நேர எண் 1800-180-5522. தங்கச்சி போனில் மட்டும் போதாது, உங்கள் போனிலும் போட்டு வையுங்கள். நாமக்கல்லில் இருந்தும் புகார் கொடுக்கலாம்.