ஈயச் சொம்பு ரசம்: காரீயமாக இருந்தால் உடம்புக்குள் என்ன செய்யும்?

ரசப்பிரியை:
மாமியார் திருவிழாக் கடையில் ரசம் வைக்க ஈயச் சொம்பு வாங்கி வந்திருக்கிறார். அசல் என்றால் வெள்ளீயமாக (tin) இருக்க வேண்டும், இது காரீயமோ (lead) என்று சந்தேகம். மங்கிய சாம்பல் நிறம், அளவுக்கு மீறிய கனம். காரீயமாகவே இருந்தாலும் இரண்டு கரண்டி ரசத்தில் என்ன வந்துவிடும் என்கிறார் கணவர். வீட்டில் 3 வயதுக் குழந்தை இருக்கிறாள். உள்ளே போனால் அது செல்லை என்னதான் செய்யும்?

செல்வாத்தியார்:
கால்சியம், இரும்பு, துத்தநாகம் உட்கார வேண்டிய இடத்தில் காரீயம் போய் உட்கார்ந்துகொள்ளும், வம்பே அதுதான். குடலில் இரும்பை உள்ளே இழுக்கும் புரதம் இதையும் இழுத்துவிடுகிறது, அதனால் ரத்தசோகை உள்ள குழந்தைக்கு இன்னும் அதிகமாக ஏறும். பெரியவர்கள் சாப்பிட்டதில் சுமார் 10% உடம்பில் சேரும் என்றால் சிறு குழந்தைகளுக்குப் பாதி வரை சேரலாம். எலும்பு மஜ்ஜையில் ஹீம், அதாவது ரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் பொருள், தயாரிக்க உதவும் ஏஎல்ஏடி என்ற நொதி துத்தநாகத்தை நம்பி இயங்குவது. காரீயம் அதைத் தள்ளிவிட்டால் நொதி முடங்கி ஹீம் குறையும், செலவாகாத மூலப்பொருள் தேங்கி நரம்பைப் பாதிக்கும். மூளையில் கற்றலுக்கு வேண்டிய, நரம்புச் செல்கள் செய்தி வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளையும் காரீயம் தடுக்கிறது. ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மாதம் போல ஆகும், ஆனால் எலும்பில் கால்சியத்தின் இடத்தைப் பிடித்தால் பல வருடம் அங்கேயே கிடக்கும், கர்ப்ப காலத்தில் மறுபடி ரத்தத்துக்கு வரும்.

பாத்திரக்கடை_பையன்:
அடுப்பில் வைத்து உருகினால் அசல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல், கேஸ் அடுப்புக்கு இரண்டும் ஒன்றுதான், புகை வேறு ஆபத்து. வெள்ளைக் காகிதத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், பென்சில் போலக் கோடு விழுந்தால் காரீயம் என்று சந்தேகப்படலாம். எடையைக் கிராமில் எடுத்து, நீரில் முழுதாக முக்கி எத்தனை மில்லி நீர் வெளியேறுகிறது என்று பார்த்து வகுத்தால் வெள்ளீயத்துக்கு 7.3, காரீயத்துக்கு 11.3. நடுவில் வந்தால் கலப்படம். 7.3-ஐ ஒட்டி வந்தாலும் கொஞ்சம் கலந்திருக்கலாம், அதனால் குழந்தைக்கு வேண்டாம். புளியும் தக்காளியும் காரீயத்தை நன்றாகவே கரைக்கும்.

ரசப்பிரியை:
காகிதத்தில் கோடு விழுகிறது. வகுத்தால் 9.8. உள்ளே கலாய் (வெள்ளீயப் பூச்சு) பூசினால் சரியாகுமா?

பாத்திரக்கடை_பையன்:
ஆகாது, பூச்சு தேயும். தூக்கிப் போடுங்கள்.

செல்வாத்தியார்:
அதில் ஏற்கெனவே சமைத்திருந்தால் குழந்தைக்கு ரத்தக் காரீய அளவு பாருங்கள், விரல் குத்தி எடுப்பதைவிட கையில் ரத்தக்குழாயில் ஊசி போட்டு எடுப்பது நம்பகம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. வாட்ஸாப்பில் வரும் 'நச்சு நீக்கும்' பொடி எதையும் கொடுக்காதீர்கள், உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து குழந்தைகளுக்குப் பொதுவாக அந்த அளவு 45-ஐ எட்டினால்தான் பேச்சுக்கே வரும், அதுவும் மருத்துவர் கையில்.